பயோடேட்டாவில் ஓர் இயந்திரக் கை

பயோடேட்டா என்பது தமிழ்நாட்டில் மிக அதிகமாக எழுதப்பட்டு, யாராலும் விமரிசனம் செய்யப்படாத ஓர் இலக்கிய வகை. கதாநாயகன் உண்டு, சாகசம் உண்டு, கற்பனை தாராளமாக உண்டு. கடைசியில் மட்டும், 'மேற்கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்று ஒரு வரி வரும். சிறுகதை எழுதுகிறவர்கள் அந்த அளவுக்குத் துணிய மாட்டார்கள்.

வேலையில் இருந்த காலத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் இன்டர்வியூ கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். ஸாஃப்ட்வேர் பையன்களின் பயோடேட்டாவில் முதல் பக்கத்திலேயே 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். தமிழ், ஆங்கிலம் இல்லை. அவை கடைசிப் பக்கத்தில், 'பாட்டுக் கேட்பது, ஸ்டாம்ப் சேர்ப்பது'க்குப் பக்கத்தில். இது ஸி, ஸி ப்ளஸ் ப்ளஸ், ஃபாக்ஸ்ப்ரோ, விஷுவல் பேஸிக், ஜாவா வகையறா. ஒரு பையன் பதினேழு மொழி போட்டிருந்தான். வயது இருபத்திரண்டு. பல் முளைத்த நாளிலிருந்து கணக்குப் போட்டாலும் வருஷத்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தப் பட்டியலை நான் படிப்பதே இல்லை. காரணம், அது ஊறுகாய் இல்லை, தயிர். தேதி தாண்டினால் புளித்துவிடும். விஷுவல் பேஸிக் ஆறாம் பதிப்பில் ப்ரோக்ராம் எழுதும் சாதனத்துக்கு மைக்ரோஸாஃப்ட் 2008-ல் கும்பிடு போட்டது. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு 2015-ல். ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ம் தேதி அடோபி பால் தெளித்தது. கோபால் ஒருவர்தான் 1959-ல் பிறந்து, இன்னமும் பெரிய பாங்குகளின் கணக்கைப் பார்த்துக்கொண்டு திடகாத்திரமாக இருக்கிறார். பெயர் ராசி.

நான் நேரே 'செய்த பிராஜெக்ட்'டுக்குப் போய்விடுவேன். அங்கேயும் உஷார் வேண்டும். கடைசி வருஷ பிராஜெக்ட்டை ரெடிமேட் சட்டை மாதிரி அளவு பார்த்து வாங்கி வருகிற பழக்கம் எஞ்சினியரிங் காலேஜ்களில் நெடுங்காலமாக உண்டு. ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங், 'என் பெற்றோருக்கு நன்றி' எல்லாம் சேர்த்தே கிடைக்கும். எனவே நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "தம்பி, இது எப்போ வேலை செய்யாமப் போச்சு?"

வாங்கி வந்த பையன், "எப்பவுமே நல்லா வேலை செஞ்சுது ஸார்" என்பான். அவனே செய்தவன் முகம் சுருங்கும். "அதை ஏன் ஸார் கேக்கறீங்க" என்று ஆரம்பிப்பான். அரை மணி நேரம் நிறுத்த முடியாது. அவனுக்கு வேலை கொடுத்துவிடலாம்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் எங்கள் அபார்ட்மென்ட்டில் என் தலைக்கு நேர் மேலே குடியிருக்கும் நண்பர். 48 வயது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ப்ரோக்ராம் எழுதிய கை. சில மாதங்களுக்கு முன் அவருடைய கம்பெனி ஒரு வீடியோ காலில் கூப்பிட்டு, மிகுந்த மரியாதையுடன், பதினைந்து நிமிஷத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. (அப்போதும் அவர் வீட்டில்தான் இருந்தார் என்பது வேறு விஷயம்.) வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி. பெண் ப்ளஸ் டூ.

நாலு பக்க பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். வேலை தேடித் தரும் ஆபீஸில் ஒரு பையன், "ஒரே பக்கம்தான் இருக்கணும் அங்கிள். பத்து வருஷத்துக்கு முன்னாடி எதுவும் வேண்டாம். வயசு தெரியுது" என்று சொல்லியிருக்கிறான். நாலாவது பக்கம் பூராவும் பழசு. 1998-ல் காலேஜில் செய்த ரோபாட் கை. பிறகு இரண்டு மூன்று வருஷம் மல்டிமீடியா ஸி.டி.கள்.

"இதை எடுத்துடவா ஸார்?" என்றார். எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார் போலவும், வைக்கச் சொன்னால் நம்ப மாட்டார் போலவும் ஒரு குரல்.

மல்டிமீடியா என்ற வார்த்தைக்கு அன்றைக்கு இருந்த மவுசு இப்போதைய இளைஞர்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் படம் ஆடும், பாட்டு வரும், அவ்வளவுதான் சமாசாரம். இன்று ஆட்டோ டிரைவரின் போனில் இதெல்லாம் வருகிறது, யாரும் மல்டிமீடியா என்று சொல்வதில்லை. அன்றைக்கு அது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல் மட்டும்தான்.

திரையில் 640-க்கு 480 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலத்துக்காக மூன்று பைட். ஆக ஒரு படத்துக்கு 9,21,600 பைட். விநாடிக்கு 25 படம் என்றால் 2 கோடியே 30 லட்சம் பைட். ஒரு ஸி.டி. கொள்வதோ 650 மெகாபைட். அப்படியே போட்டால் ஒரு ஸி.டி.யில் அரை நிமிஷம்கூட முழுசாகப் படம் தேறாது. டைட்டிலில் தயாரிப்பாளர் பெயர் வருவதற்குள் 'வணக்கம்' போட வேண்டியதுதான். இன்னொரு கொடுமை, முதல் தலைமுறை ஸி.டி. டிரைவ் விநாடிக்கு 150 கிலோபைட்தான் படிக்கும். அந்த அரை நிமிஷப் படத்தைப் படித்து முடிக்க 74 நிமிஷம்.

எனவே படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினார்கள். 25 படத்தை 15 ஆக்கினார்கள். லட்சக்கணக்கான வண்ணங்களை 256-க்கு அடக்கினார்கள். இந்த 256-ல் ஒரு விபரீதம் உண்டு. மொத்தத் திரைக்கும் சேர்த்து 256 வண்ணம்தான், ஒரே தட்டு. புதுப் படம் தன் தட்டோடு வந்தால் பழைய படத்தின் வண்ணங்கள் மாறிவிடும். நண்பர் செய்தது குழந்தைகளுக்கான கதை ஸி.டி. பாட்டி, வடை, காக்கா, நரி. சாப்பாட்டு நேரம் தவிர மூன்று மாதம் வேலை. நரி மேடைக்கு வந்ததும் பாட்டி பச்சையாகிவிட்டாளாம்! அந்த நாலு பேருக்கும் பொதுவாக ஒரு தட்டு தயாரிக்க இரண்டு வாரம். எந்தக் குழந்தையும் அதைக் கவனித்திருக்காது. பாட்டி பாட்டி நிறத்தில் இருப்பதற்கு யார் கைதட்டுவார்கள்?

அதற்கு அவர்கள் உபயோகித்த சாதனத்தின் பெயரே டைரக்டர். மாக்ரோமீடியா கம்பெனியுடையது. மேடை, நடிகர் பட்டியல் எல்லாம் வைத்து ஒரு நாடக சபா மாதிரி. வசனத்துக்கு லிங்கோ என்று ஒரு மொழி. காக்கா மேல் க்ளிக் செய்தால் கத்த வேண்டும் என்று லிங்கோவில் எழுதுவது சுலபம். ஆனால் நாலு வயதுக் குழந்தை ஒரு க்ளிக்கோடு நிறுத்துமா? இருபது க்ளிக் அடிக்கும். காக்கா இருபது தரம் கத்திய பிறகுதான் கதை நகரும். 'ஒரு சத்தம் முடியும்வரை அடுத்த க்ளிக்கைக் கண்டுகொள்ளாதே' என்று எழுத வேண்டும் என்பது புத்தகத்தில் இல்லை, அவருடைய அக்கா பையனிடம் இருந்தது. தமிழ் எழுத்து இன்னொரு தலைவலி. ஆளுக்கொரு ஃபான்ட், ஆளுக்கொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ்நாடு அரசு ஒரு கீபோர்டையும் குறியீடுகளையும் அறிவித்ததே அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். இவர்கள் வம்பே வேண்டாம் என்று ஒவ்வொரு வார்த்தையையும் படமாக வரைந்து ஒட்டினார்கள். 'வடை'க்கு றகர வடை போட்ட ஓவியர் ஒருவரால் நாற்பது படம் மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

மாக்ரோமீடியாவை அடோபி 2005-ல் வாங்கியது. டைரக்டர் விற்பனையை 2017-ல் நிறுத்தியது. நண்பரிடம் அந்த ஸி.டி.கள் ஐந்தும் பத்திரமாக இருக்கின்றன. போட்டுப் பார்க்கத்தான் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரிலும் டிரைவ் இல்லை.

ரோபாட் கதை இன்னும் ருசி.

ரோபாட் என்றதும் 'எந்திரன்' ரஜினி ஞாபகம் வந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்த வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக், 1920-ல் எழுதிய ஒரு நாடகத்தில். செக் மொழியில் அதற்கு மூலம், கூலி இல்லாத கட்டாய உழைப்பு. நம் சோழர் கல்வெட்டுகளில் இதற்கு அழகான வார்த்தை இருக்கிறது: வெட்டி. ஆகவே ரோபாட்டுக்கு நேர்த் தமிழ் தேடும் அறிஞர்கள் 'வெட்டிப் பயல்' என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் குழப்பம் வரும் என்றால் விட்டுவிடலாம்.

நண்பர் செய்தது ஒரு கை மட்டும். தோள், முழங்கை, இடுக்கி என்று மூன்று மோட்டார். சாமான் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியது. (ஸி மொழியை உண்டாக்கிய டென்னிஸ் ரிச்சிக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கும் சம்பந்தமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.) இடுக்கியை மூடித் திறக்க சைக்கிள் பிரேக் கேபிள். லட்சியம், செஸ் போர்டிலிருந்து ஒரு குதிரையைத் தூக்கிப் பக்கத்துக் கட்டத்தில் வைப்பது.

மோட்டார், ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டார் கரண்ட் கொடுத்தால் பாட்டுக்குச் சுற்றும். இது படிப்படியாகச் சுற்றும். உள்ளே நாலு சுருள். ஒன்று மாற்றி ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் 1.8 டிகிரி நகரும். 200 தரம் கொடுத்தால் ஒரு முழுச் சுற்று. கம்ப்யூட்டரின் பிரின்டர் போர்ட்டுக்கு 1, 2, 4, 8 என்று எண்களை வரிசையாக அனுப்பினால் போதும். 8, 4, 2, 1 என்றால் எதிர்த் திசை. டர்போ ஸியில் ஒரு பக்கம்கூட வராத ப்ரோக்ராம்.

இதில் ஒரு சூட்சுமம். மோட்டாருக்கு 'நட' என்று சொல்லலாம், நடந்ததா என்று அது திருப்பிச் சொல்லாது. கண்ணைக் கட்டிக்கொண்டு 'நூறு அடி வைத்தால் பிள்ளையார் கோயில்' என்று நடக்கிற ஆசாமி மாதிரி. நடுவில் ஒரு அடி வழுக்கினால் பிள்ளையாருக்குப் பதில் சாக்கடை. குதிரையின் கனத்தில் மோட்டார் ஒன்றிரண்டு படி தவறவிடும். கம்ப்யூட்டர் மட்டும், கை சரியான இடத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் கையை ஓரமாகக் கொண்டுபோய் ஒரு சின்ன ஸ்விட்சில் முட்டவைத்து, 'இதுதான் பூஜ்யம்' என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வேகமாக ஓட்டாமல் மெள்ள ஆரம்பித்து வேகம் கூட்ட வேண்டும். இவ்வளவும் அவர் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது மோட்டார்தான் அழிச்சாட்டியம்.

பிரின்டர் போர்ட்டில் தகவல் அனுப்ப எட்டுக் கம்பி. மோட்டாருக்கு நாலு வீதம் இரண்டு மோட்டாருக்குச் சரியாகப் போயிற்று. மூன்றாவதுக்கு, பிரின்டரைக் கட்டுப்படுத்துவதற்கென்று இருக்கும் வேறு நாலு கம்பிகள். அதே 1, 2, 4, 8 அனுப்பினார். மோட்டார் சாமியாடியதே தவிர சுற்றவில்லை. மோட்டாரை மாற்றினார். டிரைவர் சிப்பை மாற்றினார். லேப் கம்ப்யூட்டரில் ஒரு பிரின்டர் போர்ட் புகைந்தது. மூன்று வாரம். காரணம் ஒரு கைடு புத்தகத்தில் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: அந்த நாலு கம்பிகளில் மூன்று தலைகீழ். ஒன்று என்று அனுப்பினால் பூஜ்யம் போகும், பூஜ்யம் என்றால் ஒன்று. ஆக, 1, 2, 4, 8 போய்ச் சேர வேண்டுமானால் அனுப்ப வேண்டியது 10, 9, 15, 3. அனுப்பினார். மோட்டார் சாதுவாகச் சுற்றியது.

அந்த ப்ரோக்ராமை யார் பார்த்தாலும் முதல் இரண்டு மோட்டாருக்கு 1, 2, 4, 8, மூன்றாவதுக்கு மட்டும் என்ன உளறல் என்று 'திருத்தி'விடுவார்கள். அந்த நாலு எண்ணுக்குப் பின்னால் மூன்று வாரமும் ஒரு புகையும் இருப்பது எழுதினவருக்குத்தான் தெரியும்.

ப்ரோக்ராமர் திறமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இந்த மூன்று வாரத்தைத்தான் சொல்வேன். பெரிய இடத்திலும் இதே கதைதான். 1997 ஜூலை 4-ம் தேதி நாஸாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. அதிலிருந்து ஸஜர்னர் என்ற பத்தரைக் கிலோ ரோபாட் வண்டி இறங்கி உருண்டது. அந்த வண்டியின் மூளை இன்டெல் 80ஸி85. நம்மூர் மைக்ரோப்ராஸஸர் லேபில் மூன்று தலைமுறை மாணவர்கள் திட்டிக்கொண்டே தட்டிய 8085 கிட் இருக்கிறதே, அதே வம்சம். ஒரு வாரம் ஓடினால் போதும் என்று செய்த வண்டி 83 செவ்வாய் நாள் ஓடியது.

சிக்கல் வந்தது அதைச் சுமந்து சென்ற தாய்க் கலத்தில். சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. சுமார் 19 கோடி கிலோமீட்டர் தூரத்தில். போய் ஸ்விட்சை அணைத்துப் போட முடியாது.

என்ன நடந்தது என்பதை ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ரெக்கார்ட் ரூம் சாவி பியூனிடம் இருக்கிறது. மானேஜருக்கு அது அவசரமாக வேண்டும், பியூன் வேலையை முடித்துச் சாவியைத் தரட்டும் என்று காத்திருக்கிறார். நடுவில் ஹெட் கிளார்க் பியூனைப் பிடித்து, அதைப் போட்டுவிட்டு டீ வாங்கி வா என்கிறார். பியூனால் மறுக்க முடியாது. சாவியோடு டீக்கடைக்குப் போகிறான். மானேஜர், ஹெட் கிளார்க்கைவிடப் பெரியவர்தான், ஆனாலும் டீ வரும்வரை அவர் வேலை நடக்காது. வாசலில் ஒரு வாட்ச்மேன். மானேஜர் குறித்த நேரத்தில் வேலையை முடிக்கவில்லை என்றால் ஏதோ விபரீதம் என்று மணி அடித்து, எல்லாரையும் வெளியே அனுப்பி, ஆபீஸை மூடி மறுபடி திறப்பான். அதுதான் ரீசெட்.

பியூன், வானிலைத் தகவல் சேகரிக்கும் ப்ரோக்ராம். மானேஜர், தகவல் பஸ்ஸைக் கவனிக்கும் ப்ரோக்ராம். கிளம்புவதற்கு முன்பே பூமியில் இந்தக் கோளாறு தலைகாட்டியிருக்கிறது. மறுபடி வரவழைக்க முடியாததால் பிடிபடவில்லை. இப்போது பூமியில் இருந்த நகலை ஓடவிட்டு, அதே மாதிரி ரீசெட் ஆகிற வரை காத்திருந்து கண்டுபிடித்தார்கள். தீர்வு சுலபம்: மானேஜருக்கு வேண்டிய சாவி பியூனிடம் இருக்கும்வரை பியூனுக்கும் மானேஜர் அந்தஸ்து. யாரும் டீ வாங்க அனுப்ப முடியாது. அந்த வசதி ஸாஃப்ட்வேரிலேயே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து செய்தி அனுப்பி அதைப் போட்டார்கள். ரீசெட் நின்றது.

இப்போது ப்ரோக்ராம் எழுதவே ஏ.ஐ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து நண்பரும் அதை உபயோகித்துத்தான் வந்தார். அவரைவிட வேகமாக எழுதுகிறது, மறுப்பதற்கில்லை. வீடியோ காலில் அவரை அனுப்பியவர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். லேப்பில் புகை வாசனை வந்தால் மூக்கைச் சுளிக்கிற ஏ.ஐ. வரும்வரை கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எவ்வளவு அவகாசம், ஆறு வருஷக் கடனுக்குப் போதுமா என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

அவரிடம் சொன்னேன்: "மொழிப் பட்டியலைக் கத்தரியுங்கள். முதல் மூன்று பக்கத்தில் 'திறம்பட', 'வெற்றிகரமாக' என்று வருகிற இடத்தையெல்லாம் கத்தரியுங்கள். ஒரே பக்கம் வந்துவிடும். அதன் அடியில், 1998-ல் மூன்றாவது மோட்டாருக்கு மட்டும் 10, 9, 15, 3 அனுப்ப வேண்டியிருந்தது, காரணம் கண்டுபிடிக்க மூன்று வாரம் என்று போடுங்கள்."

"சிரிப்பாங்க ஸார்."

"சிரிக்கட்டுமே."

ஐந்து கம்பெனிகளுக்கு அனுப்பினார். நாலு பதிலே போடவில்லை. ஐந்தாவதில் ஒரு சின்னக் கம்பெனி, கிடங்குகளில் பெட்டி தூக்கும் இயந்திரங்களுக்கு ஸாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள். வீடியோ காலில் கேள்வி கேட்டவருக்கு முப்பது வயதுகூட இருக்காதாம். பத்து நிமிஷம் வழக்கமான கேள்விகள். பிறகு, "ஸார், அந்த 10, 9, 15, 3..." என்று ஆரம்பித்து முக்கால் மணி. பிரின்டர் போர்ட் என்ற ஒன்று கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்ததையே அவர் பார்த்ததில்லை. கடைசியில், "அந்தக் கை இப்போ இருக்கா ஸார்? ஓடற மாதிரி ஒரு வீடியோ அனுப்ப முடியுமா?"

பரணிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கினோம். நானும் ஏணி பிடித்தேன். துருப்பிடித்த பிரேக் கேபிளை மாற்றினார். பிரின்டர் போர்ட்டுக்கு எங்கே போவது? இத்தாலியில் 2005-ல் பிறந்த ஆர்டுயினோ போர்டு ஒன்றை ரிச்சி தெருவிலேயே வாங்கி வந்து மாட்டினார். இதில் எந்தக் கம்பியும் தலைகீழ் இல்லை. மூன்று மோட்டாருக்கும் 1, 2, 4, 8. பெண் செஸ் போர்டிலிருந்து கறுப்புக் குதிரையை எடுத்து வைத்துவிட்டு, டார்ச் பிடித்தாள்.

முதல் தடவை தூக்கவில்லை. இரண்டாவது தடவை தூக்கிப் பாதியில் போட்டது. மூன்றாவது தடவை அடுத்த கட்டத்தில், கொஞ்சம் கோணலாக, வைத்தது. "அப்பா, கீழே விழுந்ததை வெட்டிடு" என்றாள் பெண். மூன்றையும் சேர்த்தே அனுப்பினார்.

பத்து நாளில் சொல்வதாகச் சொன்னார்களாம். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். மூன்றாவது மோட்டார் கொஞ்சம் அதிகமாகச் சூடாகிறதாம், ஏன் என்று பார்க்கிறார். ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் கட்டிலுக்கு நேர் மேலே அது 'ங்ஙீ' என்று முனகுவது தெளிவாகக் கேட்கிறது.